தும்புச்சோற்றில் விளையும் கூரை

சுண்ணாம்புக் கல்லை 100 கிராம் எடுத்து முற்றாகச் சுட்டால் மிஞ்சுவது 56 கிராம். மற்ற 44 கிராமும் காபனீரொட்சைட்டாகக் காற்றோடு போய்விடும். அடுப்பில் எரிவது நிலக்கரியா, உமியா என்பதெல்லாம் இந்தக் கணக்கைத் தொடுவதில்லை. அந்த வாயு கல்லுக்குள்ளேயே இருந்தது. உலகம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்துத் தொழிலின் பங்கு. அதில் பாதிக்கு மேல் கல்லே கக்குவது.

இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள புத்தளத்தில் இந்தக் கணக்கு கண்ணெதிரே நடக்கிறது. வண்ணாத்திவில்லுக்கு அப்பால், அருவக்காட்டில் வெட்டிய கல் ரயிலேறிப் பாலாவி சீமெந்து ஆலைக்கு வருகிறது. அங்கே 1450 பாகை செல்சியஸ் சூளையில் வெந்து, அரைத்தால் சீமெந்தாகும் கிளிங்கராகிறது. அது மயோசீன் காலத்துக் கடலடியில் சிப்பிகளும் பவளங்களும் கிளிஞ்சல்களும் படிந்து இறுகிய கல். யாழ்ப்பாணக் குடாநாடு நிற்கும் கல்லும் இதே குடும்பம்தான். கற்பிட்டிக்குப் போனால், 1667க்கும் 1676க்கும் இடையில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைச் சுவரில் பவளக் கல்லை அப்படியே பார்க்கலாம். இந்தக் கரையில் நெடுங்காலமாக மனிதர் நிலைத்திருக்கக் கட்டியதில் பெரும்பகுதி கடலுயிர்கள் விட்டுச் சென்ற சுண்ணாம்பைக் கொண்டுதான்.

சீமெந்தைக் குறைக்கச் சில வழிகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பல் சீமெந்தில் கலக்கப்படுகிறது. ஆனால் எனக்கு அதைவிடச் சுவையான கேள்வி வேறொன்று. ஒரு வீட்டில் சுமை தாங்காத இடங்கள் எத்தனை? அங்கெல்லாம் சுட்ட கல்லும் ஆலைத் தகடும் எதற்கு? அந்த இடங்களில் வளர்த்து எடுத்த ஒன்றை வைக்க முடியுமா?

வளர்ப்பதென்றால் பூஞ்சையை. அதற்கு முன், பூஞ்சையை நம்பி வீடு கட்டும் ஓர் உயிர் புத்தளத்துக் காடுகளில் மனிதருக்கு வெகுகாலம் முன்பே குடியிருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

முந்தலிலிருந்து உள்ளே போனாலும், வில்பத்துப் பக்கம் போனாலும் செம்மண்ணில் ஆளுயரப் புற்றுகள் நிற்கும். இலங்கையில் இப்படிப் புற்றெழுப்பும் கறையான்களில் முதன்மையானது ஒடோன்டோடெர்மீஸ் ரெடெமன்னி. காய்ந்த மரத்தைத் தின்று வாழும் இந்தக் கறையானால் மரத்தின் லிக்னினைத் தானாகச் செரிக்க முடியாது. ஆகவே மென்ற மரத்தைக் கொண்டுவந்து புற்றின் அறைகளுக்குள் கடற்பஞ்சு வடிவில் அடுக்கி, அதன்மேல் டெர்மிட்டோமைசீஸ் என்ற பூஞ்சையைப் பயிரிடுகிறது. பூஞ்சை லிக்னினை உடைத்துத் தருகிறது; கறையான் அதைச் சாப்பிடுகிறது. மழை விழுந்ததும் புற்றின்மேல் முளைக்கும், நாம் பிடுங்கிக் கறியாக்கும் காளான் இந்தத் தோட்டத்திலிருந்து தலை நீட்டியதுதான். 1905இல் இலங்கை அரசின் பூஞ்சையியலாளராகப் பேராதனைக்கு வந்த தோமஸ் பெட்ச், மறு ஆண்டே கறையான் புற்றுப் பூஞ்சைகளைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார்.

புற்றின் சுவர் வெறும் மண்ணும் எச்சிலும்தான், பூஞ்சையால் ஆனதல்ல. ஆனாலும் புற்றின் வடிவத்துக்குப் பூஞ்சையே காரணம். அது மூச்சுவிடும்போது வெப்பமும் காபனீரொட்சைட்டும் வெளியாகின்றன. அவற்றை வெளியேற்றாவிட்டால் பயிர் செத்துவிடும். ஆகவேதான் அத்தனை குழாய்களும் காற்றுப் போக்கிகளும். உயிருள்ள பூஞ்சைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கறையான் அறிந்திருக்கிறது. பூஞ்சைப் பலகை வளர்க்க முனைபவர் முதலில் தோற்பதும் இந்த இடத்தில்தான்.

இனி பொருளுக்கு வருவோம். நாம் காளான் என்று பிடுங்குவது பூஞ்சையின் பூ மட்டும். அதன் உடல் மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் பரந்த இழைவலை. ஓர் இழையின் தடிப்பு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இழை நுனியில் மட்டும் நீளும். நீளும்போதே நொதியங்களைக் கசிந்து எதிரே உள்ள மரப்பொருளைக் கரைக்கும், கரைந்ததை உறிஞ்சும், கிளைக்கும், குறுக்கே வரும் இன்னோர் இழையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இழையின் சுவர் கைற்றினாலும் குளுக்கனாலும் ஆனது. இறால் ஓட்டிலும் இதே கைற்றின்தான். மரத்தூளோ வைக்கோலோ தும்போ நிரப்பிய ஓர் அச்சுக்குள் பூஞ்சையை விட்டால், சில நாட்களில் துகளுக்குத் துகள் கோடிக்கணக்கான இழைகள் பாலம் போட்டுவிடும். பசை ஊற்றவோ அழுத்தவோ தேவையில்லை. வெளிப்புறத்தில் வெள்ளைத் தோல் ஒன்றும் படரும். அந்தத் தோலில் பூஞ்சை சுரக்கும் ஹைட்ரோஃபோபின் என்ற புரதம் தண்ணீரை ஒட்டவிடாது.

இந்தத் தொழிலின் சூட்சுமம் பூஞ்சையை எப்போது நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து தும்பைப் பிரிக்கும்போது உதிரும் தூளான தும்புச்சோற்றை உரமாக்கக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வகுத்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொன் சோற்றில் அடுக்கடுக்காகச் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் தூவி ஏறத்தாழ ஒரு மாதம் விட்டுவிடுவார்கள். தொடக்கத்தில் 30 சதவீதமாக இருந்த லிக்னின் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. காபன்–நைதரசன் விகிதம் 112:1 இலிருந்து 24:1 ஆகிறது. கேரளத்தில் கயிறு வாரியம் பித்பிளஸ் என்ற பெயரில் விற்கும் வித்தும் இதே வேலையைச் செய்கிறது. அங்கே பூஞ்சை சாப்பிட்டு முடிக்க வேண்டும், மிஞ்சுவது உரம். கட்டடப் பொருளுக்கோ அது சாப்பிடத் தொடங்கி, வலையைப் பின்னி, பாதியிலும் பாதியில் நிற்க வேண்டும். வெப்பம் காட்டிக் கொன்றுவிட்டால் இழைகள் அப்படியே இறுகி நிற்கும். நாலைந்து நாள் பிந்தினால் பலகை பொருபொருத்துப் போகும். முந்தினால் கையோடு உதிரும்.

இதைத் தும்புச்சோற்றிலேயே செய்து பார்த்த கட்டடம் ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம், கொச்சியில் எழுந்தது. 2016 டிசம்பரில் தொடங்கிய கொச்சி–முசிறி கலைவிழாக் காலத்தில், பீட்டில்ஸ் 3.3, யாசின் அரெடியா டிசைன்ஸ் என்ற இரு கட்டடக்கலை நிறுவனங்கள் ஷெல் மைசீலியம் என்ற மண்டபத்தை ஒல்லாந்தர் பண்டகசாலை ஒன்றின் வளவில் கட்டின. மரச் சட்டம், மேலே ஒட்டுப்பலகை, அதன்மேல் உருக்குக் கம்பிச் சட்டங்களால் ஆன பள்ளங்கள். பள்ளங்களில் பூஞ்சை ஏற்றிய தும்புச்சோற்றை அடைத்து ஈரம் காத்தார்கள். சில நாட்களில் மண்டபம் முழுவதும் வெண்பனி போர்த்தியது. பிறகு வெயிலில் மேல் அடுக்கு காய்ந்து செத்து, அடியில் இருந்ததைக் காக்கும் ஓடாகிவிட்டது. சில வாரத் திருவிழாவுக்காகக் கொங்கிறீட் கொட்டிப் பிறகு இடித்துப் போடும் வழக்கத்துக்கு எதிரான வாதமாகவே அதை அவர்கள் முன்வைத்தார்கள். மக்கிப் போவதற்கென்றே கட்டிய கட்டடம் அது. என் பார்வையில் இந்தத் துறையின் புகழ்பெற்ற கட்டடங்கள் எல்லாவற்றையும்விட இதுதான் நமக்கு நெருக்கமானது. ஏறத்தாழ அதே அகலாங்கின் ஈரக்காற்று, அதே தென்னை, அதே உப்பு.

புகழ்பெற்றவற்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2007இல் அமெரிக்காவில் எபென் பேயர், கேவின் மெக்கின்டயர் என்ற இரு பொறியியல் பட்டதாரிகள் ஈகோவேட்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பொதிகளுக்குள் வைக்கும் றெஜிபோம் என்ற பொலிஸ்டைரீன் நுரைக்கு மாற்றாகப் பூஞ்சைப் பொதியை விற்கத் தொடங்கினார்கள். 2014இல் நியூயோர்க்கில் டேவிட் பெஞ்சமினின் குழு அவர்களுடைய ஏறத்தாழ 10,000 கற்களால் 13 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பி, கோடை முடிந்ததும் உரமாக்கியது. 2017இல் தென்கொரியாவின் சியோலில் டிர்க் ஹெபலும் பிலிப் பிளொக்கும் மரக்கிளை வடிவத்தில் நிறுத்திய மைகோட்ரீ, ஒரு வடிவவியல் பாடம்: இழுவிசையே வராமல், எல்லா உறுப்பும் அமுக்கத்தில் மட்டும் இருக்கும்படி வரைந்தால் வலுக்குறைந்த பொருளும் நிற்கும். நமீபியாவில் மேய்ச்சல் நிலத்தை அடைத்துக்கொண்ட முட்புதரை அரைத்துச் சிப்பிக் காளான் வளர்த்து, காளானை விற்றபின் மிஞ்சும் கழிவைச் சூட்டோடு அழுத்திக் கட்டடக் கல்லாக்குகிறார்கள். இந்தக் கடைசி உதாரணத்துக்கு மீண்டும் வர வேண்டியிருக்கும்.

இவற்றில் எதுவும் முப்பது ஆண்டு நின்று காட்டிய கட்டடமல்ல. அந்தத் துறைக்கே அத்தனை வயதில்லை. ஆகவே பூஞ்சைச் செங்கல்லால் மாடி வீடு கட்டலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். அழுத்தாமல் வளர்த்த பூஞ்சைப் பொருளின் அமுக்க வலிமை பெரும்பாலும் 0.1 முதல் 1 மெகாபாஸ்கல் வரை. சாதாரணக் கொங்கிறீட்டுக்கு அது 20க்கு மேல். சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டு கிலோ தாங்குவதையும் இருநூறு கிலோ தாங்குவதையும் ஒரே வேலைக்குப் போட முடியாது.

வெப்பத்தில் நிலைமை தலைகீழ். இலேசான பூஞ்சைப் பலகையின் வெப்பக் கடத்துதிறன் மீற்றர்–கெல்வினுக்கு 0.05 வாற்றை ஒட்டி இருக்கும். றெஜிபோமுக்கு 0.04. கொங்கிறீட்டுக்கு ஒன்றுக்கும் மேல். புத்தளத்தில் வீட்டுக்குள் புழுங்குவதற்கு முதல் காரணம் சுவரைவிடக் கூரைதான். பங்குனி, சித்திரையில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே வருகிறது. மேற்குச் சுவருக்குப் பிற்பகல் வெயில் மட்டும் என்றால் கூரைக்கு நாள் முழுதும் வெயில். கூரையோ பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் சீற் அல்லது தகரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுப்பகலில் சீற்றின் அடிப்பரப்பு 55 பாகை, அறையிலுள்ள பொருட்கள் 33 பாகை என்று வையுங்கள். வேறுபாடு 22. இந்த வெப்பநிலைகளில் ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 6 வாற்று கதிர்வீச்சாகக் கீழே இறங்கும். ஆக 130 வாற்று. ஐம்பது சதுர மீற்றர் வீட்டுக்குக் கூரையே ஆறரை கிலோவாற்று அடுப்பு. மின்விசிறி அந்தச் சூட்டைக் கலக்கிவிடுமே தவிரக் குறைக்காது. இப்போது சீற்றுக்குக் கீழே 5 சென்ரிமீற்றர் தடிப்பில் பூஞ்சைப் பலகை அடித்தால், இதே வேறுபாட்டுக்கு இறங்குவது 20 வாற்றுக்கும் குறைவு. ஏழில் ஒரு பங்கு. பலகையின் எடை, கன மீற்றருக்கு 120 கிலோ என்று கொண்டால், சதுர மீற்றருக்கு 6 கிலோதான். அது அதே பரப்புள்ள அஸ்பெஸ்டஸ் சீற்றின் எடையில் ஏறத்தாழப் பாதி என்பதால் இருக்கிற கைமரமே தாங்கும்.

றெஜிபோம் அடித்தாலும் வெப்பம் குறையும். ஆனால் அது எரிந்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். பூஞ்சைப் பலகை கருகிக் கரி அடுக்காகும். அந்தக் கரி தீயை உள்ளே விடத் தாமதிக்கும். குசினிக்கு மேலுள்ள கூரைக்கு இது சிறிய வேறுபாடல்ல.

அஸ்பெஸ்டஸைப் பற்றி ஓர் இடைச்செருகல். அதை நிறுத்துவதென்று இலங்கை முன்பே முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு கிடந்ததென்று ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. கிரைசோடைல் அஸ்பெஸ்டஸை நமக்குப் பெருமளவில் அனுப்பியதும் ரஷ்யாதான். அஸ்பெஸ்டஸ் மீதான கட்டுப்பாட்டை இலங்கை தள்ளிவைத்தது. தேயிலை மீண்டும் கப்பலேறியது. இன்றும் பல வீடுகளின் தலைக்கு மேல் அந்தச் சீற் இருப்பதற்குக் கட்டடக்கலை மட்டும் காரணமல்ல.

கிடுகுக் கூரையின் கீழ் இருந்தவர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள். கிடுகு சீற்றைவிடக் குளிர்ச்சியாகத்தானே இருந்தது? உண்மை. முடைந்த ஓலைக்குள் அடைபட்ட காற்று நல்ல வெப்பத் தடை; பூஞ்சைப் பலகை செய்வதும் காற்றை அடைத்து வைப்பதைத்தான். ஆனால் இந்த மாவட்டத்தில் கிடுகைப் பற்றிக் கவனமாகப் பேச வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் புத்தளத்துக்கு வந்தார்கள். பலருடைய கொட்டில்கள் வருடக்கணக்காகக் கிடுகுதான். ஓரிரு ஆண்டுக்கொருமுறை ஓலை மாற்ற வேண்டும், மழையில் ஒழுகும், ஒரு பொறி பட்டால் வரிசையாக எரியும். 2007இல் உலக வங்கி நிதியில் தொடங்கிய வீட்டுத் திட்டத்தில் அவர்களுக்குச் சீமெந்துக் கல் வீடு கிடைத்தபோது, அது கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகக்கூடிய வாழ்க்கை. அவர்களிடம் போய் மக்கிப்போகும் வீடு பூமிக்கு நல்லது என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொச்சி மண்டபத்தின் வாதம் திருவிழாவுக்குப் பொருந்தும். இங்கே சுவரும் அத்திவாரமும் சீமெந்தாகவே இருக்கட்டும். அதன் கூரைக்கு அடியில், கழற்றி மாற்றக்கூடிய ஓர் அடுக்காகப் பூஞ்சை வரட்டும். பழுதானால் பலகை மட்டும் உரக்குழிக்குப் போகும், வீடு நிற்கும்.

செய்முறையில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. வீட்டுக் கொல்லையில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் அதில் முக்கால் பங்கை ஏற்கெனவே செய்கிறார்கள். விவசாயத் திணைக்களம் சொல்லித்தரும் கலவை: பத்துக் கிலோ மரத்தூளுக்கு ஒரு கிலோ தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் சோயா அல்லது பயற்றம் மா, 20 கிராம் மக்னீசியம் சல்பேற்று. பைகளில் அடைத்து, பரலில் நீராவி பிடித்து, ஆறியதும் வித்து இடுவார்கள். பலகைக்குப் பைக்குப் பதில் அச்சு, மரத்தூளோடு அல்லது தும்புச்சோற்றோடு கொஞ்சம் துண்டுத் தும்பு. தும்பு இழுவிசைக்கு, சோறு மட்டும் என்றால் நனைந்து இறுகி நடுவில் காற்றில்லாமல் போகும். சோறு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும் பொருள். தடித்த பலகையை வெட்டினால் வெளியே வெண்மையும் உள்ளே பழுப்புமாக இருப்பது அதனால்தான். காற்று எட்டிய தூரம்வரைதான் பூஞ்சை போயிருக்கும்.

கடலோரச் சிக்கல் இன்னொன்று கரிப்பு. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த சோற்றில் உப்பு தங்கியிருக்கும். ஏற்றுமதிக்கு அனுப்புபவர்கள் அதை நன்னீரில் கழுவுவது செடிக்காக. பூஞ்சைக்கும் அந்தக் கழுவல் வேண்டும். முடிந்த பலகையில் உப்பு மிஞ்சினால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எந்தப் பூஞ்சை என்பதில் விளையாடக் கூடாது. வெளிநாட்டு ஆய்வகங்கள் அடிக்கடி எடுப்பது கனோடெர்மா. அது உறுதியான தோல் தருகிறது. தென்னங்காணியிலோ அது வேரிலும் அடித்தண்டிலும் ஏறி மரத்தையே சாய்க்கும் நோய்க்கிருமி. 1952இல் தஞ்சாவூர்க் கரையோரத்தில் கடுமையாக வெளிப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்றே அந்த நோய்க்குப் பெயர். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் லுணுவிலவில் இருக்கும் இந்த மாவட்டத்தில், தென்னந்தோப்புகளின் நடுவே, அரைகுறையாகச் சூடேற்றிய கனோடெர்மாப் பலகையை வளவில் போட்டு வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. சிப்பிக் காளான் போதும். அதன் பலகை கொஞ்சம் மென்மை, ஆனால் கூரை அடியில் யாரும் குத்திப் பார்க்கப் போவதில்லை.

கொல்வதற்கும் உலர்த்துவதற்கும் எரிபொருள் செலவாகும். இந்தப் பொருளைப் பசுமை என்று விற்பவர்கள் அதிகம் பேசாத பகுதி இது. நடுப்பகுதி 60, 70 பாகையில் சில மணிநேரம் நிற்க வேண்டும். மின்சார அடுப்பில் அதைச் செய்தால், நம் மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலை நிலக்கரி. ஆனால் கடல்நீரை வெயிலாலும் காற்றாலும் வற்றவைத்து உப்பெடுக்கும் ஊரில், கண்ணாடி போட்ட உலர்த்திப் பெட்டிக்குள் அந்தச் சூட்டை எட்டுவது கடினமில்லை. வெயிற்காலத்தில் வளர்த்துச் சேர்ப்பது, மாரியில் நிறுத்துவது என்று உப்பளத்தின் நாட்காட்டியையே வைத்துக்கொள்ளலாம்.

பிறகு கறையான். பூஞ்சை பாதி மென்று வைத்த மரம் கறையானுக்கு ஆயத்தமான சாப்பாடு. நிலத்திலிருந்து மண்குழாய் கட்டி ஏறும் வழியை அடைத்தால் கூரைவரை வருவது குறையும். பலகையில் போராக்ஸ் சேர்த்தால் இன்னும் நல்லது, வளர்ந்து முடிந்த பிறகு. உயிரோடிருக்கும்போது சேர்த்தால் பூஞ்சையே நின்றுவிடும். பலகையின் இருபுறமும் சுண்ணாம்பு அடிப்பதும் பயன் தரும். pH 12ஐ ஒட்டிய காரமுள்ள அந்தப் புதுப் பூச்சில் பச்சைப் பூசணம் எளிதில் பிடிக்காது. ஆக அருவக்காட்டுக் கல்லுக்கு இங்கேயும் ஒரு வேலை உண்டு, ஒரு மில்லிமீற்றர் தடிப்பில்.

மூலப்பொருள் இலவசம் என்று நினைப்பதும் பிழை. ஒரு காலத்தில் மாதம்பை, மாரவிலப் பக்கத்துத் தும்பாலைகளில் மலையாகக் கிடந்து, மழைக்குக் கறுப்புச் சாறு வடித்த சோறு இன்று அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலேறுகிறது. ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளின் தக்காளி அதிலும் விளைகிறது. அந்த விலையோடு கூரைப் பலகை போட்டியிட முடியாது. இங்கேதான் நமீபியா உதவுகிறது. காளான் வளர்ப்பவர் அறுவடை முடிந்து வீசும் பை, பூஞ்சை ஏற்கெனவே பின்னிய பொருள். மூன்று மாதம் காளான் தந்தபின் அது வலிமை இழந்திருக்கும், ஆனால் உடைத்து, புதுத் தவிடும் துண்டுத் தும்பும் சேர்த்து அச்சில் போட்டால் மீண்டும் சில நாள் வளரும். விலை சொல்ல ஆளில்லாத கழிவு அதுதான்.

புத்தளத்தின் மாரிமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். கழிவுப் பையிலிருந்து வளர்த்த பலகை நாலைந்தைப் புரட்டாசியில் ஒரு சீற் கூரையின் அடியில், இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டி, வாரம் ஒருமுறை கழற்றி நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசும் பொறுமையும் உள்ள எந்தப் பாடசாலையும் செய்யக்கூடிய சோதனை இது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். பலகைக்கும் அதையே எல்லையாக வைக்கலாம். மார்கழிவரை எடை அதற்குள் நின்றால் அடுத்து செலவுக் கணக்கைப் பார்க்கலாம். தாண்டினால் பலகையை உடைத்துத் தென்னை அடியில் போட்டுவிட்டு, இடைவெளியைக் கூட்டி, சுண்ணாம்பை இன்னொரு பூச்சுத் தடிப்பாக்கி, மாசியில் மறுபடி வளர்க்கலாம்.